அடித்தாள் கதிருக்குக் கொடுத்த கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

மெக்கானிக்கல் படிச்சு அரியலூர் சிமெண்ட் ஆலையில வேலை பார்க்கிறவன் உயிரியல் பேச வந்துட்டானே என்று பின்வரிசை சிரிப்பது தெரிகிறது. என்னை இதில் இழுத்துவிட்டது எங்கள் மக்காச்சோளக் கொல்லை.

பெரம்பலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் மண், மானாவாரி. ஒரு வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. மேலுரம் போட ஈரமில்லை. கதிர் பிடிக்கிற சமயம் அடித்தாள்கள் வெளுத்தன. லீவில் போயிருந்த நான், "காயப் போற தாள்தானே, மாட்டுக்காவது ஆகட்டும்" என்று பாதிக் கொல்லையில் உருவிப் போட்டேன். "விடுடா, அது கதிருக்குக் குடுத்துட்டுத்தான் காயும்" என்றார்கள் அம்மா. நான் கேட்கலை. உருவின பக்கம் கதிர் நுனியெல்லாம் பொக்கு. தாள் குறைந்தால் வெயிலைப் பிடிப்பதும் குறையும், அதுவும் ஒரு காரணம். ஆனால் அம்மா சொன்ன 'குடுக்கிறது' என்ன என்று தேடினேன்.

பசி வந்தால் செல் தன் பழைய பாகங்களையே பிரித்து உபயோகிக்கிறது. பெயர் ஆட்டோபேஜி. ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, 1988-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வகம் தொடங்கியபோது வயது 43. சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் அதன் வாக்குவோல் முழுக்கக் குட்டி உருண்டைகள்! உடைக்க ஆளில்லாமல் குவிந்த சரக்கு. பிறகு இதற்கான 15 மரபணுக்களைக் கண்டுபிடித்தார். 2016-ல் நோபல் பரிசு. (உடனே 'பட்டினி கிடந்தால் சர்க்கரை போகும்' என்று வாட்ஸ்அப்பில் கிளப்பினார்கள். அவர் பார்த்தது ஈஸ்ட், ஐயா! மாத்திரையை நிறுத்தாதீர்கள்.)

எனக்குப் பிடித்தது அந்தப் பை உருவாகும் விதம். நம்ம ஆலையில் ஹாப்பர் முதலிலேயே நிற்கும், சரக்கு பிறகு வரும். செல்லிலோ தேவை வந்த பிறகுதான் பையே கட்டப்படுகிறது. எண்டோபிளாச வலைப்பின்னல் அருகே ஒரு சவ்வு கிண்ணம் போல் வளைகிறது. ஏ.டி.ஜி.2 என்ற புரதம் பாலமாக நின்று கொழுப்பைக் கடத்தித் தர, கிண்ணம் வளர்ந்து, பழுதான மைட்டோகாண்ட்ரியா போன்றவற்றைச் சூழ்ந்து வாயை மூடிக்கொள்கிறது. இந்த இரட்டைச் சவ்வுப் பைதான் ஆட்டோபேகோசோம். நம் உடம்பில் இது லைசோசோமோடும், ஈஸ்டிலும் செடியிலும் வாக்குவோலோடும் இணைகிறது. உள்ளே போன புரதம் அமினோ அமிலமாக உடைந்து மறுபடி வேலைக்கு வருகிறது. இலையின் பசுங்கணிகத் துண்டுகளும் இப்படிப் பையேறுகின்றன.

2015-ல் ரிச்சர்ட் வியர்ஸ்ட்ராவின் குழு ஏ.டி.ஜி.12 மரபணு கெட்ட மக்காச்சோளத்தை வளர்த்துப் பார்த்தது. உரம் போதுமானால் செடி ஏறக்குறைய நன்றாகவே வந்தது. தழைச்சத்து குறைந்ததும் நாற்றிலேயே தேங்கியது. அடையாளமிட்ட நைட்ரஜனைத் தொடர்ந்து போனால், இலையிலிருந்து மணிக்குப் போகும் பங்கும் குறைவு, விளைச்சலும் குறைவு.

படித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிடா, இந்த வருஷம் தாளை எப்ப உருவலாம்னு அதுல போட்டிருக்கா?" என்றார்கள். கதிர் உறை காய்ந்த பிறகு என்றேன். "அதைத்தானே அன்னிக்குச் சொன்னேன்."