வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் குழுவில் ஐந்து பேர் சுவரோவிய வேலை செய்கிறோம். அங்கன்வாடி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று போய் மலை, பாறை, அருவி எல்லாம் வரைகிறோம். "பாறையை நிஜம் மாதிரி எப்படி வரையறீங்க, அதை எல்லாருக்கும் சொல்லுங்க"ன்னு செயலாளர் கேட்டாங்க. அதைச் சொல்கிறேன். கடைசியில் கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

நாங்கள் செஞ்சிப் பக்கத்துப் பெண்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் பார்த்தே வளர்ந்தவர்கள். உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைத்த மாதிரி நிற்கும். எங்களில் மூன்று பேர் கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள். கல்லின் கனமும் சொரசொரப்பும் எங்கள் கைக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கைக்குத் தெரிந்ததைக் கண்ணுக்குக் கொண்டுவருவது வேற வேலை. அதைத்தான் படித்தோம்.

பல சுவர்களில் பாறை படம் பார்த்திருப்பீங்க. கறுப்புக் கோட்டில் ஒரு வட்டம், உள்ளே பழுப்பு நிறம். பார்த்தால் நெல் மூட்டை மாதிரி இருக்கும். காரணம் என்ன? பாறைக்கு உண்மையில் கோடு கிடையாது. வெளிச்சம் விழும் இடம், விழாத இடம், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் என்று மூன்றுதான் உண்டு. அந்த மூன்றும் சரியாக வந்தால் கோடே வேண்டாம், பாறை தானாக எழுந்து நிற்கும்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஓவிய ஆசிரியை முதல் நாள் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே விடவில்லை. பழுப்புத் தாளைக் கசக்கி மேசைமேல் வைத்தார். அறையை இருட்டாக்கி, ஒரு பக்கமிருந்து மட்டும் டார்ச் அடித்தார். "கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க" என்றார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சின்னச் சின்ன விவரம் எல்லாம் மறைந்துபோய், வெளுப்பு, நடு நிறம், கறுப்பு என்று மூன்று பங்குகள் மட்டும் தெரியும். இதை நீங்களும் இன்றைக்கு ராத்திரி வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு பைசா செலவில்லை.

வரைந்து பார்க்கவும் செலவில்லாத வழி இருக்கிறது. வீட்டுச் சிமென்ட் தரையை எடுத்துக்கோங்க. அதன் சாம்பல் நிறமே நடு நிறம். அடுப்புக்கரி நிழலுக்கு, சாக்பீஸ் வெளிச்சத்துக்கு.

முதலில் சூரியன் எங்கே இருக்கிறது என்று முடிவு பண்ணணும். இடது பக்க மேல் மூலையில் என்று வையுங்கள். அந்த மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுங்கள். பத்துப் பாறை வரைந்தாலும் பத்துக்கும் அதே சூரியன்தான். நாங்கள் ஐந்து பேர் ஒரே சுவரில் வேலை செய்வோம். அந்தப் புள்ளி இல்லை என்றால் ஆளுக்கொரு சூரியன் ஆகிவிடும்.

அடுத்து, பாறையின் மேல் முகத்துக்குச் சாக்பீஸ். நம்மைப் பார்த்த பக்கத்தைத் தரை நிறமாகவே விடுங்கள். வலது பக்கத்துக்குக் கரி. பிறகு பாறையின் நிழல் வலப்பக்கத் தரையில் விழணும். பாறையை ஒட்டிய இடத்தில் அந்த நிழல் அழுத்தமாக, ஓரம் தெளிவாக இருக்கும். தள்ளிப் போகப் போக ஓரம் மங்கும். பாறை தரையைத் தொடுகிற இடம்தான் எல்லாவற்றையும் விடக் கறுப்பு. அந்த ஒரு கீற்றை விட்டுவிட்டால் பாறை மிதக்கிற மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு நுணுக்கம். நிழல் பக்கம் முழுக்க ஒரே கறுப்பாக இருக்காது. தரையில் பட்ட வெயில் திரும்பி வந்து பாறையின் அடிப்பக்கத்தில் லேசாகப் படும். அதனால் நிழலின் கீழ் ஓரத்தைத் துணியால் கொஞ்சம் துடைத்துவிடுங்கள். பாறை உருண்டு வரும். வெடிப்பு வேணுமா? ஒரு கறுப்புக் கீற்று, அதை ஒட்டி சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று. சொரசொரப்பை எல்லா இடத்திலும் போடக் கூடாது. வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற இடத்தில்தான் அது நன்றாகத் தெரியும். அங்கே மட்டும் போட்டால் போதும்.

சுவருக்கும் இதே கணக்குதான். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகு நடு நிறம் ஒரு பூச்சு. காய்ந்ததும் நிழல். அதுவும் காய்ந்த பிறகு வெளிச்சம். சொரசொரப்புக்குப் பெயின்டைத் துடைத்த காய்ந்த பிரஷ், இல்லையென்றால் பழைய ஸ்பான்ஜ். நிழலுக்கு வெறும் கறுப்பு ஸ்டெயினரைக் கொட்டினால் கரி பூசின மாதிரி செத்துப் போகும். நீலமும் செம்பழுப்பும் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் வரும். காலை வெயில் மஞ்சளாக விழும்போது நிழல் கொஞ்சம் நீலமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீங்க. வெயில் படாத இடத்தில் வானத்து வெளிச்சம் படுவதால்தான் அப்படி. தூரத்து மலைக்கு நிறத்தை வெளுக்க வைத்து நீலம் கூட்டணும். அங்கே நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் குறைவாக இருக்கணும்.

இனி காசு விஷயத்துக்கு வருகிறேன்.

ஏணி, பிரஷ், பெயின்ட் வாங்கக் குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் எடுத்தோம். 10 மாதத்தில் கட்டி முடித்துவிட்டோம். முன்பெல்லாம் பெயின்ட் வேலைக்குப் போனால் சுவர் தேய்க்கவும் தண்ணீர் தூக்கவும் சித்தாள் கூலிதான் கொடுப்பார்கள். "படம் போட வெளியூர் ஆள் வருவார், நீங்க பட்டி பாருங்க போதும்" என்பார்கள். இப்போது நாங்களே அந்தப் படம் போடுகிற ஆள்.

ஆனால் ஒரு இடத்தில் வேலை முடித்துக் கொடுத்த பிறகு, "நாலு கல்லு வரைஞ்சதுக்கு இவ்வளவா?" என்று கேட்டார்கள். பேசிய தொகையில் பாதி இன்னும் வரவில்லை. கேட்கப் போனால், எழுத்தில் எதுவும் இல்லையே என்கிறார்கள். சாதாரணச் சுவருக்குச் சதுர அடிக்கு என்ன கொடுப்பார்களோ அதே கணக்கைப் பாறைக்கும் போடுகிறார்கள். ஒரு பூச்சு காய நாலு மணி நேரமாவது விடணும். மூன்று நிறம், அதற்குமேல் வெடிப்பு, சொரசொரப்பு. ஒரு நாளில் அடித்து முடிக்கிற சுவருக்கு எங்களுக்கு நாலு நாள் ஆகிறது. பார்க்கிறவர்களுக்கு அது நாலு கல்லு. எங்களுக்கு ஐந்து பேரின் நாலு நாள்.

1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின காலத்திலிருந்து நாம் படித்த பாடம் ஒன்றுதான். தனியாகக் கேட்டால் கிடைக்காதது, சேர்ந்து கேட்டால் கிடைக்கும். அதனால் கூட்டமைப்பிடம் எங்கள் கோரிக்கை நான்கு. ஓவிய வேலைக்குத் தனி விலைப்பட்டியல் வேண்டும். வேலை உத்தரவு கூட்டமைப்பின் பெயரில் எழுத்தில் வரவேண்டும். மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வாங்காமல் பிரஷ்ஷைத் தொடக் கூடாது என்று தீர்மானம் போடவேண்டும். நிற்கிற பாக்கியைக் கேட்கப் போகும்போது கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் எங்களோடு வரவேண்டும். இது தையல் குழுவுக்கும், சமையல் குழுவுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். உங்கள் பாக்கியும் எங்கேயாவது நிற்கும்.

கற்றுக்கொள்ள விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் சொல்லித் தருகிறோம், கட்டணம் வேண்டாம். கோலம் போட்ட கைக்கு இது வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. வரும்போது ஒரு துண்டு அடுப்புக்கரியும் ஒரு சாக்பீஸும் கொண்டு வந்தால் போதும்.