அச்சமும் மூச்சும்

தேர்வுக் கூடத்தில் வினாத்தாள் கைக்கு வருவதற்கு முந்திய ஐந்து நிமிடம் எப்படிப்பட்டது என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உள்ளங்கை வியர்க்கிறது; நாக்கு வறள்கிறது; நேற்றிரவு வரை நெஞ்சில் நின்ற சூத்திரம் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது; மூச்சு மேல்மார்போடு நின்று விரைந்து விரைந்து வருகிறது. படிக்காத மாணவனுக்கு மட்டும் நேர்வதன்று இது. நன்றாகப் படித்தவரும் இப்படித் தவிப்பதைப் பல ஆண்டுகள் ஆசிரியனாக அக்கூடங்களில் உலவிய நான் கண்டிருக்கிறேன். இந்தப் பதற்றத்தின் இயல்பு யாது, அதனை ஆள்வதற்கு யோகம் எவ்வாறு துணைபுரியும் என்பன பற்றி இன்று சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி அமைந்த நம் ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. உங்களுள் பலருடைய தந்தையர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் உழைக்கிறார்கள். அன்னையர் காலணித் தொழிற்சாலைகளில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறார்கள். கடல் கடந்த நாடுகளில் காலணி விற்பனை குறைந்தால், இங்கே ஒரு வீட்டின் அடுப்பங்கரையில் அதன் தாக்கம் தெரிகிறது. அத்தகைய வீட்டிலிருந்து தேர்வெழுத வரும் பிள்ளை தனியாக வருவதில்லை. வீட்டார் அனைவருடைய எதிர்பார்ப்பையும் சுமந்துகொண்டு வருகிறது. ஆகவே அதன் கவலை காரணமற்றதன்று. "கவலைப்படாதே" என்று ஒரு சொல் சொல்லி அதனைப் போக்கிவிட முடியாது.

முதலில் உடலைப் பார்ப்போம். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ நம் உடல் தன்னைத் தானே ஆயத்தம் செய்துகொள்கிறது. அட்ரினல் சுரப்பி வேலை செய்கிறது, இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு குறுகி வேகமெடுக்கிறது. காட்டில் புலியைக் கண்டவனுக்கு இது பேருதவி. ஆனால் வினாத்தாளைக் கண்டு ஓட முடியாது. அதனோடு மற்போர் புரியவும் முடியாது. ஓடுவதற்காகத் திரண்ட ஆற்றல் ஓட வழியின்றி உள்ளேயே சுழல்கிறது. அந்தச் சுழற்சியையே நாம் பதற்றம் என்கிறோம்.

இதயத் துடிப்பை நிறுத்து என்றால் அது கேளாது. வியர்வையை அடக்கு என்றாலும் முடியாது. இத்தகைய தன்னியக்கச் செயல்களுள் நம் விருப்பத்திற்கும் கட்டுப்படுவது மூச்சு ஒன்றே எனலாம். நாம் கவனியாதபோது அது தானே நடக்கிறது. நாம் கவனித்தால் நம் சொற்படியும் நடக்கிறது. உங்கள் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பார்த்துக்கொண்டே மெல்ல மூச்சை இழுத்து, மெல்ல விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், விடும்போது சற்றுத் தணிவதையும் பலர் உணர முடியும். மூச்சு வெளியேறும் நேரத்தில் வேகஸ் என்னும் நரம்பு இதயத்தின் வேகத்தைக் கூடுதலாகத் தணிக்கிறது என்று உடலியலார் விளக்குகின்றனர். நீளமாக மூச்சு விடுவது பதற்றத்தின் கடிவாளத்தைக் கையில் எடுப்பது போன்றதாகும்.

இதனைக் கருவிகள் இல்லாத காலத்திலேயே நம் முன்னோர் கூர்ந்து கண்டிருந்தனர். 1,500 ஆண்டுகளுக்கு மேல் பழமையான பதஞ்சலியின் யோக சூத்திரம் ஏறத்தாழ 195 சூத்திரங்கள் கொண்ட சிறு நூல். மனத்தை அலைக்கழிக்கும் தடைகள் ஒன்பது என்று அது வகுக்கிறது. நோய், சோர்வு, ஐயம், கவனமின்மை, சோம்பல் ஆகியவை அவற்றுட் சில. அத்தடைகளோடு கூடவே வரும் அடையாளங்கள் நான்கு என்றும் அது கூறுகிறது: துன்பம், உள்ளம் தளர்தல், உடல் நடுங்குதல், மூச்சு நிலைகுலைதல். தேர்வுக் கூடத்து மாணவனின் நிலையை நேரில் பார்த்து எழுதியது போலன்றோ இருக்கிறது! மேலும், உயிர்மேல் கொண்ட பற்றும் அழிந்துவிடுவோமோ என்னும் அச்சமும் கற்றறிந்தவரையும் விடுவதில்லை என்று பதஞ்சலியார் ஒப்புக்கொள்கிறார். ஆதலால் அஞ்சுவது இழுக்கு என்று ஒருவரும் நாண வேண்டுவதில்லை.

யோகம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியது என்று எண்ணி ஒதுங்குவோர்க்கு ஒரு வரலாற்றுச் செய்தி சொல்வேன். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி என்னும் பேரறிஞர் பதஞ்சலியின் யோக நூலை அரபு மொழியில் ஆக்கினார். தம் சமயத்தில் உறுதியாக நின்றே அவர் அந்த அறிவை நாடினார். மூச்சுக்குச் சமயம் இல்லை. அது எல்லா நெஞ்சிலும் ஒன்றுபோல் வந்து போகிறது.

இனி, யோகப் பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு நம் ஊர்த் தொழிலிலிருந்தே ஓர் உவமை காட்டலாம். முற்காலத்தில் இப்பகுதியில் ஆவாரம் பட்டையின் சாற்றைக் கொண்டு தோலைப் பதனிட்டனர். ஊறவைத்து, சுண்ணாம்பு நீரில் இட்டு, மயிர் நீக்கி, தசை நீக்கிய தோலைப் பட்டைச் சாற்றில் இடுவார்கள். அவ்வாறு இடும்போது எடுத்த எடுப்பிலேயே கடுஞ்சாற்றில் இடுவதில்லை. முதலில் இளஞ்சாறு, பிறகு சற்றுக் கூடியது, இறுதியில்தான் கடுஞ்சாறு. ஏன்? முதலிலேயே கடுஞ்சாற்றில் இட்டால் தோலின் மேற்பரப்பு இறுகிவிடும். சாறு உள்ளே இறங்காது. புறம் பதப்பட்டது போலத் தோன்றும். அகம் பச்சையாகவே இருக்கும். இன்று குரோமிய உப்புகளைக் கொண்டு சுழலும் டிரம்மில் விரைவாகப் பதனிடுகிறார்கள். அங்கும் ஒன்றன்பின் ஒன்றாகவே படிகள் நடக்கின்றன.

மனமும் அப்படித்தான். தேர்வுக்கு முந்திய நாள் ஒரு மணி நேரம் மூச்சை அடக்கிப் போராடுபவன் கடுஞ்சாற்றில் பச்சைத் தோலை இடுகிறான். நாள்தோறும் பத்து நிமிடம் இடைவிடாது பழகுபவன் இளஞ்சாற்றில் தொடங்குகிறான். நெடுநாள், இடையறாமல், மதிப்போடு செய்யும் பயிற்சியே உறுதிப்படும் என்பது பதஞ்சலியின் கருத்து. சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து 1989-ஆம் ஆண்டு மறைந்த யோக ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும், பயிற்சியை அவரவர் உடலுக்கும் வயதுக்கும் நிலைக்கும் ஏற்ப அமைக்க வேண்டும் என்று கற்பித்தார். அவருடைய மகனார் டி. கே. வி. தேசிகாச்சார் 1976-ஆம் ஆண்டு தந்தையின் பெயரால் சென்னையில் யோக மந்திரம் ஒன்றை நிறுவி, அந்நெறியில் பலருக்கும் வழிகாட்டினார்.

ஆனால் உடலை வளைப்பது மட்டும் போதுமா? இவ்வினாவுக்கு விடை காண முயன்றவர் பம்பாய் கே. இ. எம். மருத்துவமனையில் மனநல மருத்துவராக விளங்கிய டாக்டர் என். எஸ். வாஹியா. அவரும் அவர் குழுவினரும் 1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும், பதற்ற நோய் உற்றவர்களுக்குப் பதஞ்சலியின் நெறியை ஒட்டிய சிகிச்சையைப் பல வாரங்கள் அளித்தனர். ஒரு சாரார்க்கு ஆசனம், மூச்சுப் பயிற்சி ஆகியவற்றோடு, புலன்களை உள்வாங்குதல், மனத்தை ஒன்றில் நிறுத்துதல், தியானம் ஆகியவற்றையும் கற்பித்தனர். மற்றொரு சாரார்க்கு ஆசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் ஒத்த அசைவுகளை மட்டும் கற்பித்தனர். முழு நெறியையும் பின்பற்றியவர்களிடமே பதற்றம் மிகுதியாகக் குறைந்தது என்று அவர்கள் வெளியிட்டனர். அவ்வாய்வில் கலந்துகொண்டோர் தொகை பெரிதன்று. ஆயினும் அது காட்டும் திசை நாம் கருதத்தக்கது: உடல் வாயில், மனமே வீடு. வாயிலோடு நின்றுவிட்டவன் வீட்டைக் கண்டவன் ஆகான்.

நீங்கள் செய்யக்கூடிய எளிய முறை ஒன்றைக் கூறுகிறேன். நிமிர்ந்து உட்காருங்கள், தரையிலும் உட்காரலாம், நாற்காலியிலும் உட்காரலாம். மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மெல்ல மேலே உயர்த்துங்கள். விட்டுக்கொண்டே மெல்லத் தாழ்த்துங்கள். இவ்வாறு ஆறு முறை செய்யுங்கள். பின்னர்க் கைகளை மடியில் வைத்து, நான்கு எண்ணும் வரை மூக்கின் வழியே மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை விடுங்கள். இடையில் மூச்சை அடக்க வேண்டா. ஐந்து நிமிடம் இதுவே போதும். மனம் ஓடினால் அதனோடு சண்டையிடாமல், கன்றைத் தொழுவத்துக்கு ஓட்டி வருவது போல, மீண்டும் எண்ணிக்கைக்கு அழைத்து வாருங்கள். சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே கலக்கத்தைக் கூட்டும். அவர்கள் கண்களைத் திறந்துகொண்டு மெல்ல நடக்கலாம், காலடிகளை எண்ணலாம்.

மூச்சு அடங்கியபின் செய்ய வேண்டிய இரண்டாவது வேலை ஒன்று உண்டு. யோகத்தின் தத்துவம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தாளை எடுத்து, உங்கள் அச்சங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும், "இது என் கையில் உள்ளதா?" என்று கேளுங்கள். நாளை நான்கு மணி நேரம் படிப்பது என் கையில் உள்ளது. வினாத்தாள் எளிதாக வருவது என் கையில் இல்லை. கையில் உள்ளதை விடாது செய்தல் பயிற்சி; கையில் இல்லாததன்மேல் உள்ள பிடியைத் தளர்த்துதல் பற்றின்மை. பதஞ்சலி இவ்விரண்டையும் இணைத்தே கூறினார். ஒன்று மட்டும் இருந்தால் வண்டி ஓடாது. பயிற்சி மட்டும் இருந்து பற்றின்மை இல்லையேல் வெறி பிடிக்கும். பற்றின்மை மட்டும் இருந்து பயிற்சி இல்லையேல் சோம்பல் பிடிக்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்க வேண்டும். யோகம் செய்பவன் கண்ணை மூடிக்கொண்டு உலகத் துன்பங்களை மறந்துவிடுவான் என்று சிலர் நினைக்கிறார்கள். அச்சங்களுள் சில நம்மைச் செயலுக்கு அழைக்கின்றன. தோல் தொழிற்சாலைகளின் கழிவு நீர் பாலாற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்தபோது, இப்பகுதி மக்கள் அஞ்சியது பொய் அச்சமன்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்துவோரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் வலியுறுத்திய தீர்ப்பு அது. ஆற்றின் துயரம் அத்தோடு முடிந்துவிடவில்லை. ஆயினும் அஞ்சி நடுங்கி வீட்டுக்குள் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பும் வந்திராது. ஐந்தாண்டுக் காலம் பொறுமையோடு ஒரு வழக்கை நடத்த, பதறாத மனம் வேண்டும். அத்தகைய மனத்தை உருவாக்குவதே யோகத்தின் பயன். அச்சத்தை அழிப்பது அதன் நோக்கமன்று. அச்சத்துக்கும் செயலுக்கும் இடையே ஒரு மூச்சு நேரம் நமக்கு வாங்கித் தருவதே அதன் நோக்கம். அந்த நேரத்தில் நாம் தேர்ந்தெடுக்கலாம்.

மற்றொன்றையும் நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பல வாரங்கள் உறக்கம் வராமை, உணவில் வெறுப்பு, காரணம் தெரியாத திகில், வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் ஆகியவை தோன்றினால், யோகம் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கால் முறிந்தவனை நடைப்பயிற்சி செய் என்று யாரும் சொல்வதில்லை. முதலில் கட்டுப் போட வேண்டும். நம் வேலூரிலேயே, பாகாயத்தில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. நோயுற்றவரைத் தனியே அடைத்து வைப்பதே பல இடங்களில் வழக்கமாக இருந்த 1950-களில், குடும்பத்தாரும் உடன் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கு பெறும் முறையை வளர்த்த முன்னோடி மையங்களுள் ஒன்று அது. மனத்துயரைத் தனியாகச் சுமக்கலாகாது என்பதே அம்முறை நமக்குக் கற்பிக்கும் பாடம். 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் அரசின் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

பெற்றோரும் கேட்டுக்கொண்டிருப்பீர்களானால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வந்து "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால், அது கோழையின் சொல் என்று தள்ளாதீர்கள். நம்மை நம்பிச் சொன்ன சொல் அது. அருகில் அமர்ந்து கேளுங்கள். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்குமுன் உறங்கினாயா என்று கேளுங்கள்.

மாணவ நண்பர்களே, பச்சைத் தோல் ஒரே நாளில் பதப்படுவதில்லை. பதப்பட்டபின் எளிதில் அழுகுவதுமில்லை. மழையிலும் வெயிலிலும் பல ஆண்டுகள் மனிதரின் காலைக் காக்கும் வலிமை அதற்கு வந்துவிடுகிறது. இன்று மாலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள், நாளையும் ஒதுக்குங்கள். அடுத்த தேர்வு வரும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். படபடக்கட்டும். நீங்கள் நீளமாக ஒரு மூச்சு விட்டு, முதல் வினாவைப் படியுங்கள்.