நோய் தீர்க்கச் சென்றவரின் நோய்



மருந்தும் மறையும் சுமந்து அயல்நாடு சென்ற திருப்பணியாளர்களைப் பற்றிய வரலாறுகள் ஏராளம். அவர்கள் எழுப்பிய மருத்துவமனைகளும், தொகுத்த அகராதிகளும், அச்சேற்றிய நூல்களும் அவற்றில் நிறைந்துள்ளன. அவர்தம் மனம் பட்ட பாட்டுக்கு மட்டும் அங்கே இடம் மிகக் குறைவு. வங்காளத்துச் செராம்பூரில் 1800ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்ததொன்றை இங்கு எண்ணிப் பார்ப்பது தகும்.

வில்லியம் கேரியை அறியாதார் இலர். 1793இல் அவருடன் கப்பலேறிய ஜான் தாமஸை அறிந்தோர் சிலரே. இத்தனைக்கும் வழிகாட்டி தாமஸ்தான். கப்பல் மருத்துவராக 1783இலேயே கல்கத்தா கண்டவர். கேரிக்கு முன்பே வங்கமொழி பயின்று, ராம்ராம் பாசு என்னும் முன்ஷியின் துணையோடு விவிலியப் பகுதிகளை மொழிபெயர்க்கத் தொடங்கியவர். (அந்த ராம்ராம் பாசுவே பின்னர் வங்க உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவரானார், அவரது நூல் 1801இல் அச்சாயிற்று.) நோயாளிகள் தாமஸைத் தேடி வந்தனர், கடன்காரர்களும் தேடி வந்தனர். ஒருநாள் பேருவகை, மறுநாள் பெருஞ்சோர்வு என்பதே அவர் இயல்பு. இன்றைய மருத்துவர் இருமுனைய மனநோய் என்று ஐயுறக் கூடும். இருநூறு ஆண்டுத் தொலைவிலிருந்து நோய்க்குப் பெயர் சூட்டுவது எளிது. சரியாகுமா என்பது வேறு.

கேரியின் மனைவி டாரதி முதலில் வர மறுத்தார். நிறைமாத வயிறு, கடல் கடந்த தேசம், கையில் சிறு பிள்ளைகள். மறுக்காமல் என்ன செய்வார்? கப்பல் தாமதப்பட்ட இடைவெளியில் மீண்டும் சென்று பேசி அவரை இசைய வைத்தவர் தாமஸே. தங்கையும் உடன்வர வேண்டும் என்ற நிபந்தனையோடு டாரதி புறப்பட்டார். திருமணப் பதிவேட்டில் பெயரெழுத அறியாது குறியிட்டவர் அவர். ஊருக்கு ஒரு மடல் எழுதி ஆறுதல் தேட முடிந்த கேரியின் நிலையும் அவர் நிலையும் ஒன்றல்ல. 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் முத்னாபாட்டியில் இறந்தான். அதன்பின் டாரதியின் அறிவு நிலைகுலைந்தது. கணவர்மீது ஆதாரமற்ற ஐயம் கொண்டு கூவினார். மனநோய் விடுதிக்கு அனுப்புமாறு பிறர் கூறியும் கேரி இணங்கவில்லை. வீட்டிலேயே அறையில் அடைத்து வைக்க நேர்ந்தது.

1800 நவம்பரில் கிருஷ்ணபால் என்னும் தச்சர் வழுக்கி விழ, தோள் மூட்டு விலகியது. தாமஸ் அவரை மரத்தோடு கட்டி, கேரியும் மார்ஷ்மனும் உதவ, மூட்டைச் சேர்த்தார். வலியில் கிடந்தவரிடம் அவர் மொழியிலேயே பேசினார். டிசம்பர் 28 அன்று ஹூக்ளி ஆற்றில் கிருஷ்ணபால் திருமுழுக்குப் பெற்றார். தாமஸ் முதன்முதலாக வங்கம் கண்டு பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மகிழ்ச்சியை அவர் மனம் தாங்கவில்லை, பிதற்றத் தொடங்கினார். ஆற்றங்கரையில் பாட்டொலி எழுந்த நாளில், அவர் ஓரிடத்தில் அடைக்கப்பட்டிருந்தார். டாரதி வேறோர் அறையில். அழைத்து வந்தவரும் வந்தவரும் ஒரே வளாகத்தில் கட்டுண்டு கிடந்தனர்.

தோல்வி மனிதரை முறிப்பதைக் கவிஞர்கள் பாடியிருக்கிறார்கள். நெடுநாள் ஏங்கிய ஒன்று கைகூடிய நாளில் முறிந்தவரைப் பாடியோர் அரியர். எங்கே வலிக்கிறது என்று நோயாளியை வங்கமொழியில் கேட்கத் தாமஸுக்குத் தெரியும். அவரை எந்த மொழியிலாவது அவ்வாறு கேட்க எவரிருந்தார்? இங்கிலாந்துக்கு மடல் சென்று மறுமொழி வர ஓராண்டுக்கு மேலாகும். அங்கிருந்தோர் எதிர்பார்த்ததும் நற்செய்தியையே.

இன்று அயல்பணிக்குச் செல்லும் மருத்துவருக்கு மனநல ஆலோசனையும் ஓய்வும் தரும் அமைப்புகள் உண்டு. பணிச்சோர்வைத் தொழில்சார் நிகழ்வாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியது. நோய் என்று அது கூறவில்லை. ஆயினும் பொருளுதவி செய்வோருக்குத் தம் தளர்ச்சியை எழுதத் தயங்குவோர் இன்றும் உளர். தளர்ச்சியை விசுவாசக் குறைவென்று எண்ணிவிடுவார்களோ என்னும் அச்சம் அது. அந்த அச்சத்தை ஊட்டியவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

தாமஸ் பின்னர்த் தெளிந்தார். 1801 அக்டோபரில் தினாஜ்பூரில் காலமானார். டாரதி 1807 டிசம்பர் வரை வாழ்ந்தார். கேரியின் புகழ்மிக்க மொழிபெயர்ப்புகளில் ஒரு பகுதி, அவர் அறையின் ஓசை கேட்கும் பக்கத்து அறையில் எழுதப்பட்டது.