ஆற்றுக் கணக்கில் வராத உரம்



2024 ஏப்ரல் தொடக்கத்தில் நம் மாவட்டக் கடலைப் பற்றி மலேசிய மீன்வளத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. போர்ட்டிக்சன் கடலில் எடுத்த கூப்பாங், கெராங் போன்ற மட்டி வகைகளை யாரும் சாப்பிட வேண்டாம் என்பதே அது. சாப்பிட்டவர்கள் நோயுற்று மருத்துவமனைக்குப் போன பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் சில கடலில் பெருகும்போது நஞ்சைச் சுரக்கின்றன. கடல்நீரை வடிகட்டி வாழும் மட்டி அந்த நஞ்சைத் தன் சதைக்குள் சேர்த்துக்கொள்கிறது. உதடும் நாக்கும் மரத்துப்போகும், கைகால் தளரும், அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடலை விட்டு வெளியேறும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். தாய்மார்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள்: எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. மட்டியின் நிறமும் மணமும் மாறாததால், சமையலறையில் இதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

இது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1976இல் சபாவில் இந்த நஞ்சுக்கு உயிர்கள் பலியாயின. 1991இல் நம் லிங்கியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மலாக்காவின் செபாத்துவில், வளர்ப்பு மட்டி தின்ற மூவர் நோயுற்றார்கள். 2001இல் கிளந்தானின் தும்பாட்டில் ஒருவர் இறந்தார். 2014இல் ஜொகூர் நீரிணையில் கூண்டு மீன்கள் செத்து மிதந்தன. நஞ்சே சுரக்காத பாசியும் கொல்லும். பெருகிய பாசி பகலில் ஆக்சிஜனைக் கொடுத்தாலும் இரவில் தானும் மூச்சுவிடுகிறது. அது மடிந்து அடியில் படிந்ததும் அதைச் சிதைக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீரில் 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால், நீந்தி ஓட முடிந்த மீன் ஓடிவிடும், ஓட முடியாத உயிர் அங்கேயே மடியும். 2019 செப்டம்பரில் தமிழகத்து மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாக மாறி, மண்டபம் பக்கத்தில் மீன்களும் பவளங்களும் இப்படித்தான் மடிந்தன.

பாசிக்கு உணவாகும் கழிவு ஆறுகள் வழியாகவும் கடலுக்கு வருகிறது. இதைத் தடுக்க அரசாங்கம் என்ன செய்ய முடியும்? எதுவும் முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நம் மலேசியாவின் வரலாறே பதில் சொல்கிறது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில், ஆற்றோரம் எல்லாம் எண்ணெய் ஆலைகள் எழுந்தன. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் வரும். அந்தக் கழிவைச் சிதைக்க ஆற்று நீர் இழக்கும் ஆக்சிஜனை பி.ஓ.டி. என்ற அளவால் குறிக்கிறார்கள். செம்பனை ஆலைக் கழிவுக்கு அது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடைக்கு இருப்பதைப் போல நூறு மடங்கு! ஆறுகள் கறுத்தன, மீன்கள் செத்தன. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. அந்த விதிகளை எழுதியவர்கள் ஆலைகளை ஒரே நாளில் இழுத்து மூடச் சொல்லவில்லை. பி.ஓ.டி. வரம்பை 1978 ஜூலையில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம், மறு ஆண்டு 2,000, அடுத்து 1,000 என்று படிப்படியாக இறக்கி, 1984இல் 100க்குக் கொண்டு வந்தார்கள். ஆற்றில் விடும் பி.ஓ.டி. சுமைக்கு டன்னுக்கு 10 வெள்ளி கட்டணம், வரம்பைத் தாண்டிய சுமைக்கு டன்னுக்கு 100 வெள்ளி. கழிவைச் சுத்திகரிக்க ஆய்வு செய்கிற ஆலைக்குக் கட்டணச் சலுகை. இன்று ஒவ்வோர் ஆலையின் பின்புறமும் நாம் பார்க்கும் கழிவுக் குளங்கள் அந்த விதிகளின் விளைவு.

தொழில் அழிந்துவிடும் என்ற அச்சம் அன்றும் இருந்தது. 1975இல் நாட்டின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி சுமார் 12 லட்சத்து 60 ஆயிரம் டன். 1985இல் 41 லட்சம் டன்னைத் தாண்டியது. தொழில் மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்த அதே பத்தாண்டில்தான் ஆலைகள் ஆற்றில் விட்ட சுமை வீழ்ந்தது. வளர்ந்துகொண்டிருந்த ஒரு நாடு தன் முதன்மையான தொழில்களில் ஒன்றைக் கட்டுப்படுத்திக் காட்டியதை நான் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். நாம் அதைப் போதுமான அளவுக்குப் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் அந்த வெற்றியில் ஒரு குறை தங்கிவிட்டது. அன்றைய அதிகாரிகளின் கண் ஆக்சிஜனைத் தின்னும் கழிவின் மீது இருந்தது. பாசிக்கு உணவாகும் உரச்சத்தின் மீது அவ்வளவாக இல்லை. நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற தாராளமான வரம்பை வைத்தார்கள், பாஸ்பரஸுக்கு வரம்பே வைக்கவில்லை. 2009இல் வந்த சாக்கடைக் கழிவு விதிகளில் பாஸ்பரஸ் இடம்பெற்றது, ஆனால் ஏரி, நீர்த்தேக்கம் போன்ற தேங்கு நீருக்கு மட்டும். ஆற்றில் விட்டால் அந்த வரம்பு இல்லை. சுற்றுச்சூழல் துறை ஆறுகளின் தரத்தைக் கணிக்கும் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவுகள் உள்ளன: கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி., சி.ஓ.டி. என்ற வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் மண்துகள், காரமா அமிலமா என்ற அளவு. பாஸ்பரஸ் அதில் இல்லை. நைட்ரேட்டும் இல்லை. ஆகவே ஓர் ஆறு கடலுக்குள் எவ்வளவு உரத்தைச் சுமந்து போனாலும், குறியீட்டில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம்.

ஆறு ஓடுகிறது, தேங்காது, ஆகவே ஆபத்தில்லை என்பது இந்த விதிகளின் அடிப்படை எண்ணம். நம் லிங்கி ஆற்றை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். சிரம்பான் நகரத்தின் கழிவுநீர் இதில் வருகிறது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களிலும் லிங்கித் தோட்டங்களிலும் செம்பனைக்குப் போட்ட உரம் மழையில் கரைந்து இதில் சேருகிறது. ரெம்பாவ் ஆறும் தன் பங்கைக் கொண்டுவந்து கலக்கிறது. கடைசியில் கோலா லிங்கியில் கடலேற்றம் எதிரே வந்து நிற்கிறது. ஒவ்வொரு நாளும் அங்கே ஆற்று நீர் நின்று, திரும்பி, மறுபடி போகிறது. உரச்சத்து, வெயில், இளஞ்சூடான நீர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? சட்டம் ஓடும் நீர் என்று நினைத்தது முகத்துவாரத்தில் பாதி தேங்கும் நீராகிவிடுகிறது.

ஒரு மறுப்பை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நுண்பாசிகள் மனிதன் தோன்றுவதற்கு முன்பே கடலில் இருந்தவை, காற்றும் நீரோட்டமும் வெப்பமும் அவற்றைப் பெருக்கும், ஆற்றைக் குறை சொல்லலாமா என்று கேட்கிறார்கள். 2024இல் போர்ட்டிக்சனில் நடந்ததற்கு லிங்கி ஆறுதான் காரணம் என்று நானும் சொல்லவில்லை. எல்லாப் பாசிப் பெருக்கத்துக்கும் உரம் காரணமும் அன்று. ஆனால் உரச்சத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலில் 1972இல் செம்பாசி பெருகி, ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் வளர்ப்பு மீன்கள் செத்தன. அடுத்த ஆண்டே தனிச் சட்டம் போட்டார்கள், பின்னர் பாஸ்பரஸையும் குறைத்தார்கள். 1976இல் 299 முறை தோன்றிய செம்பாசி, 1990களில் ஆண்டுக்குச் சுமார் 100 ஆகக் குறைந்தது. முழுவதும் ஒழியவில்லை, உண்மைதான். இன்று அங்கே கடற்பாசி வளர்ப்போர் சத்துப் போதவில்லை என்று முறையிட, 2021இல் சட்டத்தையே திருத்தினார்கள். கூடினால் குறைக்கவும் குறைந்தால் கூட்டவும் அவர்களால் முடிவதற்குக் காரணம், அளந்து வைத்திருப்பதுதான்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. மெக்சிகோ வளைகுடாவில் ஆண்டுதோறும் ஆக்சிஜன் அற்றுப்போகும் பரப்பைக் குறைக்க 1997இல் ஒரு செயற்குழு அமைத்தார்கள். 1998இல் பாசிப் பெருக்கத்துக்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் என்றே சட்டம் இயற்றினார்கள். 2015க்குள் அந்தப் பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்க வேண்டும் என்பது இலக்கு. ஆய்வுக்குப் பணம் கொடுத்தார்கள், முன்னறிவிப்புச் செய்தார்கள். வயல் உரத்தைக் குறைப்பதை மட்டும் விவசாயிகளின் விருப்பத்துக்கு விட்டார்கள். 2015 வந்தது, இலக்கை 2035க்குத் தள்ளிவைத்தார்கள். 2017இல் அந்தப் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. கண்காணிப்பு மட்டும் இருந்து கட்டாயம் இல்லாவிட்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டங்களின் கதி என்ன, சிறுதோட்டக்காரர் என்ன செய்வார் என்ற கேள்வியும் நியாயமானது. உரம் போடாமல் செம்பனை காய்க்காது. ஆனால் ஆற்றுக்குப் போன உரம் மரத்துக்குப் போகாத உரம், காசு கொடுத்து வாங்கியது. தோட்டத்தில் வாளி சுமந்து மரம் மரமாக உரம் போட்டவர்கள் நம் பெண்கள். அந்த உழைப்பும் அதோடு சேர்ந்து ஆற்றில் போகிறது. கனமழைக்கு முன் உரம் போடாமல் இருப்பது, ஆற்றோர நிலத்தைத் தாவரத்தோடு விட்டு வைப்பது ஆகியவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்க வேண்டும் என்று வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி ஏற்கெனவே சொல்கிறது. சாக்கடைச் சுத்திகரிப்பில் பாஸ்பரஸை நீக்கச் செலவாகும், மறுக்கவில்லை. அதனால்தான் 1977ஐப் போலப் படிப்படியாக இறக்குங்கள் என்கிறேன்.

மட்டியைத் தின்னாதே என்ற அறிவிப்பு உயிரைக் காக்கும், அது வேண்டும். ஆனால் அறிவிப்பு வந்த அன்று முகத்துவாரத்தில் மட்டி எடுத்துப் பிழைப்பவர் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தச் சுமையை அவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமாகாது.

நிலமும் ஆறும் மாநில அரசின் கையில், சுற்றுச்சூழல் சட்டமும் கடல் மீன்வளமும் கூட்டரசின் கையில். முகத்துவாரத்தின் ஒரு கரை நெகிரி செம்பிலான், மறு கரை மலாக்கா. இத்தனை கைகள் இருக்கும் இடத்தில் யாரிடம் கேட்பது என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. கேட்பதற்கு எளிதான ஒன்றிலிருந்து தொடங்குவோம். லிங்கி ஆற்று நீரில் நைட்ரஜன் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று மாதந்தோறும் முகத்துவாரத்தில் அளந்து, ஊரார் படிக்கும்படி வெளியிட வேண்டும். அடுத்த முறை நம் சட்டமன்ற உறுப்பினர் இந்த ஊருக்கு வரும்போது, சாலையையும் விளக்கையும் கேட்கிற அதே வாயால் அந்த இரண்டு எண்களையும் கேளுங்கள்.