உயிலில் ஒரு வரி
(நமது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

நாம் நன்கொடை அனுப்பும் இல்லங்களிலிருந்து, "உங்கள் உயிலில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்" என்று இப்போதெல்லாம் கடிதம் வருகிறது. "நாம எப்போ போவோம்னு காத்திருக்காங்களா?" என்று என் வீட்டம்மாவுக்குக் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

வங்கியில் நான் டெபாசிட் கவுண்டரில் இருந்தபோது ஒரு அம்மா வருவார். பிள்ளைகள் இல்லை. ரசீதைப் புதுப்பிக்கும்போதெல்லாம், "என் காலத்துக்கு அப்புறம் இது அனாதை இல்லத்துக்குத்தான் சார்" என்பார். நாமினியாகத் தம்பி மகன் பெயர், உயில் கிடையாது. அவர் காலமானதும் தம்பி மகன் வந்து பணத்தை வாங்கிப் போனார். விதிப்படி வவுச்சரை எழுதியவன் நான்தான். இல்லத்துக்கு ஒரு பைசா போகவில்லை.

நாமினி, வங்கியிடமிருந்து பணத்தை வாங்கும் ஆள் மட்டுமே. பணம் யாருக்கு என்பதை உயில் சொல்லும். உயில் இல்லையென்றால் வாரிசுச் சட்டம் சொல்லும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் போதும்.

தொகையாக எழுதாமல், பிள்ளைகளுக்குப் போக மீதியில் இத்தனை சதவீதம் என்று எழுதச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. இன்றைய லட்சம் இருபது வருடம் கழித்து என்ன பெறும்? ஆனால் அவர்கள் அனுப்பும் வக்கீல் வேண்டாம், நம் வக்கீலே எழுதட்டும். இல்லத்தின் பதிவுப் பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். நிறைவேற்றுபவர் உங்களைவிட இளையவராக இருக்கட்டும். பச்சையப்ப முதலியார் உயில் எழுதியது 1794-இல். வழக்குகளைத் தாண்டி அவர் பெயரில் பள்ளி வந்தது 1842-இல்.

சாட்சிக்கு ஆள் வேண்டுமானால், மாலை ஆறுக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.