மருந்து விலையும் 27-ஆம் படிவமும்

(நல்லேப்பிள்ளியில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றி நாம் பேசாத கூட்டம் இல்லை. வாங்கிய கூலி மருந்துக் கடைக்குப் போய்ச் சேருவதைப் பற்றித்தான் பேசுவதில்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் சித்தூருக்கும் கோயமுத்தூருக்கும் அலைகிறோம். தோடும் மூக்குத்தியும் அடகுக் கடைக்குப் போகின்றன. அந்த மருந்துக்கு விலை வைப்பது யார்?

வெள்ளைக்காரன் 1911-ல் போட்ட காப்புரிமைச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. காப்புரிமை பெற்றவரைத் தவிர வேறு எவரும் அந்த மருந்தைச் செய்யக்கூடாது. இதை ஆராய்ந்த நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-ல் அறிக்கை தந்தார். இங்குள்ள காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் அந்நியர் கையில். அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இந்நாட்டில் பயன்படுத்தப்படவே இல்லை என்றார் அவர். வைக்கோல் போரில் படுத்த நாயின் கதைதான்!

1970-ல் புதுச் சட்டம் வந்தது. மருந்துக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும் உண்டு என்றது. வேறு வழியில் செய்யத் தெரிந்தவன் செய்யலாம். நம் நாட்டுக் கம்பெனிகள் போட்டி போட்டன, விலை இறங்கியது. போட்டி வந்தால் புதுக் கண்டுபிடிப்பு நின்றுவிடும் என்பார்கள். நடந்ததைப் பாருங்கள். எய்ட்ஸ் நோய்க்கு வேண்டிய மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையாக 2001-ல் கொண்டுவந்தது நம் சிப்லா. மேல்நாடுகளில் அந்த மூன்றும் வெவ்வேறு கம்பெனிகளின் சொத்து. அங்கே ஒன்று சேர்ப்பது லேசான காரியமா? வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் இருந்த சிகிச்சையை 350 டாலருக்குத் தருவதாகவும் அறிவித்தது.

ஏகபோகம் சும்மா இருக்குமா? 1986-ல் அமெரிக்காவின் 13 பெரிய கம்பெனிகள் ஒரு குழு அமைத்தன. பைசர் தலைவரும் ஐ.பி.எம். தலைவரும் முன்னின்றார்கள். மந்திரிகளையும் அதிகாரிகளையும் கண்டு பேசித் தங்களுக்குத் தோதாகச் சட்டம் வரவழைப்பதை லாபி என்கிறார்கள். (நாம் பத்துப் பேர் கலெக்டர் ஆபீசுக்குப் போனால் அதற்குக் கலாட்டா என்று பெயர்.) பலன், 1995-ல் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம். 2005 முதல் இந்தியாவும் மருந்துக்கே 20 வருஷக் காப்புரிமை தர வேண்டியதாயிற்று.

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் பழைய மருந்தைச் சற்றே மாற்றி இன்னொரு 20 வருஷம் கேட்பது ஆராய்ச்சியா? இடதுசாரி எம்.பி.க்கள் நெருக்கியதால் அதற்கு 2005-லேயே சட்டத்தில் ஒரு தடை வைக்கப்பட்டது. எந்த மனிதரும் காப்புரிமை மனுவை எதிர்க்கலாம் என்ற கதவும் இருக்கிறது. காச மருந்து பெடாகுவிலினுக்கு 2027 வரை ஏகபோகத்தை நீட்டிக்கப் பார்த்தார்கள். காசத்தில் விழுந்து எழுந்த இரண்டு பெண்கள் எதிர்த்தார்கள். ஒருவர் நந்திதா வெங்கடேசன், மற்றவர் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. மருந்தின் பக்கவிளைவால் காது கேளாமல் போனவர்கள். 2023 மார்ச்சில் அந்த மனு தள்ளுபடியாயிற்று.

இன்னொன்று படிவம். நான் ரயில்வே குமாஸ்தா, சட்டம் படித்தவனல்ல. ஆனால் ஒரு படிவத்தின் பலம் எனக்குத் தெரியும். காப்புரிமை பெற்ற கம்பெனி அந்தப் பொருளை இந்தியாவில் எவ்வளவு விற்றது என்று 27-ஆம் படிவத்தில் வருஷந்தோறும் எழுதித் தரவேண்டும் என்றிருந்தது. பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்து ஒரு மாதத்துக்கு 2,80,428 ரூபாய். தேவைப்பட்ட நோயாளிகளில் 2 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கே அது எட்டியது என்பது அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கிலிருந்தே வெளிப்பட்டது. காப்புரிமைத் தலைமை அதிகாரியாக இருந்த பி.எச். குரியன், நம் கேரளத்து ஐ.ஏ.எஸ்.காரர், 2012 மார்ச் 9-ல் ஐதராபாத் நாட்கோவுக்கு அதைச் செய்யக் கட்டாய உரிமம் கொடுத்தார். விலை 8,880 ரூபாய்!

அந்தப் படிவத்தில்தான் இப்போது கை வைத்திருக்கிறார்கள். பெரிய மருந்துக் கம்பெனிகளின் தாயகமான சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு 2024 மார்ச் 10-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐந்தே நாளில் புது விதிகள் வந்தன. இனி மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை படிவம் தந்தால் போதுமாம். காப்புரிமை மனுவை எதிர்ப்பவர் கட்டணமும் கட்ட வேண்டுமாம்.

ஆலத்தூர் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம், மலையாளத்திலும் தமிழிலும். வருஷாந்தரக் கணக்கு திரும்ப வேண்டும், எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் கூடாது, இரண்டே கோரிக்கை. வாசல் பக்கத்து மேஜையில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். கேட்டுவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள்.