கெடுவை இனி நீட்டாதீர்கள்!



ஒவ்வொரு போகிக்கும் அரசு நமக்கு அறிவுரை சொல்கிறது: டயர் கொளுத்தாதீர்கள், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள். நல்ல அறிவுரை, கேட்டுக்கொள்வோம். ஆனால் மணலி, எண்ணூர் போன்ற வடசென்னைப் பகுதி மக்கள் திருப்பிக் கேட்கிறார்கள்: எங்களுக்குப் போகி ஒரு நாள், ஆலைப் புகைபோக்கிகளுக்கு ஆண்டு முழுவதும் போகியா?

சட்டம் இல்லையா? 1981-லேயே காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஆலையை இயக்கக் கூடாது. மீறினால் மூடலாம், மின் இணைப்பைத் துண்டிக்கலாம். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே மணலியைக் கடுமையாக மாசடைந்த பகுதி என்று பட்டியலிட்டது.

பிறகு கோளாறு எங்கே? கெடுவில்! 2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு வரம்பு விதித்தது. இரண்டு ஆண்டு அவகாசம் என்றார்கள். 2017 போனது. 2022 என்றார்கள், அதுவும் போனது. 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே தேவையில்லை என்றார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு 2027 டிசம்பர் வரை கெடு. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள் சென்னைக்கு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கந்தகப் புகை கெடுவுக்காகக் காத்திருப்பதில்லை. காற்றில் நுண்துகளாக மாறி, குழந்தையின் நுரையீரல் ஆழம் வரை போகிறது. 1952 டிசம்பரில் லண்டனின் ஐந்து நாள் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1956-இல் அங்கே வந்த சட்டம் வீட்டு அடுப்பையும் விடவில்லை, ஆலை உலையையும் விடவில்லை. இங்கேயோ போகி நெருப்புக்கு உடனே கட்டுப்பாடு, ஆலைப் புகைக்கு அவகாசத்தின் மேல் அவகாசம்!

ஆலையை மூடச் சொல்லி நாம் இங்கே கூடவில்லை. அங்கே உழைப்பவர்களும் நம் பிள்ளைகள்தான். நம் கோரிக்கை மூன்று. 2027 கெடுவை ஒரு நாள்கூட நீட்டக் கூடாது. புகைபோக்கிகளில் மாசை அளக்கும் கருவிகளின் அளவீடுகளைத் தமிழில், தெருமுனைப் பலகையில் தினமும் எழுத வேண்டும். அளவு மீறினால் நோட்டீசோடு நிற்காமல் இயக்கத்தை நிறுத்த வேண்டும்.

ஒன்று உங்களுக்கும் சொல்கிறேன். புதிய ஆலைக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தால், வீட்டுக்கு ஒருவராவது போங்கள். எழுந்து பேசுங்கள், பேசியது பதிவாகிறதா என்று பாருங்கள். நாம் கேட்காதவரை கெடு நீண்டுகொண்டேதான் போகும்.